ஸ்பானிஷ் சொல்லை அசை பிரித்து அழுத்தம் கண்டுபிடிப்பது எப்படி?

டென்னிஸ் பார்க்கிற நம்மவர்கள் ‘நாடல்’ என்கிறார்கள், ‘அல்காரஸ்’ என்கிறார்கள். ஸ்பெயினில் அந்தப் பெயர்கள் ‘நதால்’, ‘அல்கராஸ்’. இரண்டிலும் குரல் ஏறுவது கடைசி அசையில். இதை அங்கே யாரும் பெயர் பெயராக மனப்பாடம் செய்வதில்லை. ஒரு பெயர் ‘எல்’ எழுத்தில் முடிகிறது, இன்னொன்று ‘இஸட்’டில் முடிகிறது. அதைப் பார்த்தாலே போதும்.

ஆங்கிலத்தில் புதுச் சொல் ஒன்றைப் பார்த்தால் எந்த இடத்தில் அழுத்துவது என்று அகராதியைத்தான் கேட்க வேண்டும். ஸ்பானிஷில் அந்தத் தொல்லை இல்லை. வாழ்க்கையில் கேட்டே இராத சொல்லைக்கூட எழுத்தை வைத்துச் சரியாக அழுத்திப் படித்துவிடலாம். செய்ய வேண்டியவை இரண்டுதான்: சொல்லை அசைகளாக உடைப்பது, பிறகு கடைசியிலிருந்து எண்ணுவது. முதல் வேலையில் பிசகினால் இரண்டாவது தானாகவே பிசகும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்: இந்தக் கட்டுரையில் எழுதும் முறை

தமிழில் குறிலும் நெடிலும் பொருளை மாற்றும்: படம், பாடம். அழுத்தம் பொருளை மாற்றாது. ஸ்பானிஷில் இது தலைகீழ். அங்கே குறில் நெடில் வேறுபாடு கிடையாது, அழுத்தம்தான் பொருளை மாற்றும். ஆனால் அழுத்திச் சொன்ன உயிர் நம் காதில் நெடில் போலவே விழும். அதை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வோம். அழுத்தம் உள்ள அசையை நெடிலாகவும் மற்றதையெல்லாம் குறிலாகவும் எழுதுகிறேன். அ, இ, உ, எ, ஒ என்ற நம் ஐந்து குறில்களும் ஸ்பானிஷின் ஐந்து உயிர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இந்தியில்கூடக் குறில் எ, ஒ-வுக்குத் தனி எழுத்து கிடையாது, நமக்கு உண்டு.

உயிரெழுத்தின் தலையில் வரும் சாய்ந்த கோட்டை ஸ்பானிஷில் ‘தில்தெ’ என்பார்கள். அந்தக் கோடு உள்ள அசையின் முடிவில் ´ என்று போடுகிறேன். உதாரணமாக, பெரு நாடு: பெ-ரூ´. க, த, ப ஆகியவை வல்லோசையா மெல்லோசையா என்று தமிழ் எழுத்து காட்டாது. அசை பிரிக்க அது தேவையும் இல்லை. ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டலுக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ‘பா-ப’ என்றால் உருளைக்கிழங்கு (லத்தீன் அமெரிக்காவில்), ‘ப-பா´’ என்றால் அப்பா. ‘ஸ-பா-ன’ புல்வெளி, ‘ஸா´-ப-ன’ படுக்கை விரிப்பு. வினைச்சொற்களில் இன்னும் கூர்மை: ‘தெர்-மீ-னொ’ நான் முடிக்கிறேன், ‘தெர்-மி-னோ´’ அவர் முடித்தார், ‘தேர்´-மி-னொ’ முடிவு. யார், எப்போது என்பதையே அழுத்தம்தான் சொல்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. பள்ளியில் படித்த நேர், நிரை அசையை இங்கே கொண்டுவராதீர்கள். யாப்பில் ‘பட’ என்பது நிரை, அதாவது ஒரே அசை. ஸ்பானிஷ் கணக்கில் அது இரண்டு. உயிர் ஒன்று ஒலித்தால் அசை ஒன்று என்பதுதான் இங்கே அடிப்படை.

படி 1: ஒலிக்கும் உயிர்களைக் குறியுங்கள்

பென்சிலால் ஒவ்வொரு உயிரின் கீழும் ஒரு புள்ளி வையுங்கள். ஏமாற்றுக்காரர்கள் மூவர் இருக்கிறார்கள்.

‘ஹெச்’ எழுத்து ஒலிப்பதே இல்லை. இருக்கிறதா என்றே பார்க்க வேண்டாம்.

‘யூ’ எழுத்து, க்யூவுக்குப் பின் வந்தால் ஊமை. ‘ஜி’க்குப் பின் வந்து அடுத்து எ அல்லது இ இருந்தாலும் ஊமை. கிதார் என்பது ‘கி-தா-ற’, எக்வடோரின் தலைநகர் ‘கீ-தொ’. எழுத்தில் ‘யூ’ இருக்கும், வாயில் இருக்காது. அடுத்து வருவது அ என்றால் ஒலிக்கும்: க்வாதமாலா ‘க்வ-தெ-மா-ல’. எ, இ-க்கு முன்னாலும் ஒலிக்க வேண்டுமானால் அதன் தலையில் இரண்டு புள்ளி வைத்திருப்பார்கள். வெட்கம் என்ற பொருளில் வரும் ‘பெர்-க்வேன்-ஸ’ அப்படிப்பட்டது.

‘ஒய்’ எழுத்து சொல்லின் கடைசியில் வந்தால் இ போல ஒலிக்கும். மற்ற இடங்களில் மெய்.

படி 2: பக்கத்துப் பக்கத்து உயிர்கள்

புதிதாகப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். நிதானமாகப் போவோம்.

அ, எ, ஒ மூன்றும் வலிய உயிர்கள். இ, உ இரண்டும் மெலிய உயிர்கள்.

இரண்டு வலியவை அடுத்தடுத்து வந்தால் ஆளுக்கொரு அசை: கவிஞர் ‘பொ-ஏ-த’, நாடக அரங்கு ‘தெ-ஆ-த்ரொ’. நம் வாய் இடையில் ஒரு உடம்படுமெய்யைச் சேர்த்து ‘தெ-யா-த்ரொ’ என்று சொல்லப் பார்க்கும். உச்சரிப்பில் அது சின்னக் குறை, ஆனால் எண்ணிக்கை கெடாது, மூன்று மூன்றுதான்.

மெலியதும் வலியதும் சேர்ந்தால் இரண்டும் ஒரே அசை. மெலிய உயிர் பாதி மெய்யாகி ஒடுங்கிவிடும்: இ என்பது ய் ஆகும், உ என்பது வ் ஆகும். ஐ-யை அய் என்றும் ஔ-வை அவ் என்றும் எழுதிப் பழகிய நமக்கு இதில் புதுமை இல்லை. காற்று ‘ஆய்-ரெ’, ராணி ‘ரேய்-ன’, ஏழு ‘ஸ்யே-தெ’, நல்ல ‘ப்வே-னொ’, தண்ணீர் ‘ஆ-க்வ’. இரண்டு வெவ்வேறு மெலியவை சேர்ந்தாலும் ஒன்றுதான்: நகரம் ‘ஸ்யு-தாத்’, சத்தம் ‘ர்வீ-தொ’.

இப்போது விதிவிலக்கு. வலிய உயிரின் பக்கத்தில் இருக்கும் மெலிய உயிரின் தலையில் தில்தெ இருந்தால் கூட்டணி உடைந்தது, இரண்டும் தனித்தனி. நாள் ‘தீ´-அ’, நாடு ‘ப-ஈஸ்´’, ரவுல் என்று நாம் எழுதும் பெயர் ‘ர-ஊல்´’. தில்தெ வலிய உயிரின் தலையில் இருந்தால் எதுவும் உடையாது. போய் வருகிறேன் என்பதற்கான ‘அ-த்யோஸ்´’ இரண்டே அசை, பாட்டு ‘கன்-ஸ்யோன்´’ அதுவும் இரண்டே.

இதை மனத்தில் பதிக்க இரண்டு பெயர்கள் போதும். மரியோ: ‘மா-ர்யொ’, இரண்டு அசை. மரியா: ‘ம-ரீ´-அ’, மூன்று அசை. ஒன்றில் இ-யின் தலை மொட்டை, இன்னொன்றில் கோடு. வேறு வித்தியாசமே கிடையாது.

ஸ்பானிஷ் பேசும் எந்த ஊரின் கடைத்தெருவிலும் இந்தப் பாடத்தைப் பெயர்ப் பலகைகளிலேயே படிக்கலாம். ரொட்டிக்கடை ‘ப-ன-தெ-ரீ´-அ’, இறைச்சிக்கடை ‘கர்-னி-ஸெ-ரீ´-அ’, புத்தகக்கடை ‘லி-ப்ரெ-ரீ´-அ’, முடிதிருத்தும் கடை ‘பெ-லு-கெ-ரீ´-அ’. வரிசையாக எல்லாவற்றிலும் இ-யின் மேல் கோடு. நடுவில் மருந்துக்கடை மட்டும் ‘ஃபர்-மா-ஸ்ய’, கோடு கிடையாது. கடைக்குக் கடை ‘ரீ-அ’ என்று இழுத்துப் பழகிய வாய் இதையும் ‘ஃபர்மஸீஅ’ என்று இழுக்கும். இழுக்காதீர்கள். ஒரு சிக்கல், பலகைகளைப் பெரிய எழுத்தில் எழுதும்போது பலர் தில்தெயை விட்டுவிடுகிறார்கள். பெரிய எழுத்துக்கும் தில்தெ கட்டாயம் என்பதுதான் விதி. அதனால் பலகையை நம்பி ஒரு சொல்லைக் கற்காதீர்கள், ஒருமுறை அகராதியைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று உயிர் சேர்ந்து ஒரே அசையாவதும் உண்டு: உருகுவே ‘உ-ரு-க்வாய்’. மெலியது, வலியது, மெலியது என்ற வரிசையில் இருந்தால் அப்படி. அடிக்கடி வராது.

நடுவில் ‘ஹெச்’ நின்றாலும் இதே விதிகள்தான். கேரட் ‘ஸ-ன-ஓ-ர்ய’. அ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவே எழுத்தில் ஒரு ‘ஹெச்’ உண்டு. இல்லாததாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மெய்களைப் பங்கு போடுங்கள்

இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் என்றால் அது வலப்பக்க உயிருக்கு: வீடு ‘கா-ஸ’. ‘சி-ஹெச்’, இரட்டை எல், இரட்டை ஆர் ஆகியவை எழுத்தில் இரண்டாக இருந்தாலும் ஒரே ஒலி, பிரிக்கக் கூடாது: தெரு ‘கா-யெ’, நாய் ‘பே-றொ’.

இரண்டு மெய் என்றால் ஆளுக்கொன்று: பகுதி ‘பார்-தெ’, உயரமான ‘ஆல்-தொ’. ஆனால் ப்ர, க்ர, த்ர, ஃப்ர, ப்ல, க்ல, ஃப்ல என்ற ஒலிக் கூட்டுகள் பிரியாது (ப, க, த மூன்றுக்கும் மெல்லோசை வடிவத்தையும் சேர்த்தால் மொத்தம் 12). புத்தகம் ‘லீ-ப்ரொ’, அம்மா ‘மா-த்ரெ’, பேசுவது ‘அ-ப்லார்’.

மூன்று மெய் வந்தால் கடைசி இரண்டைப் பாருங்கள். அவை மேலே சொன்ன கூட்டு என்றால் சேர்ந்தே வலப்பக்கம் போகும்: மனிதன் ‘ஓம்-ப்ரெ’, எப்போதும் ‘ஸ்யேம்-ப்ரெ’. இல்லையென்றால் முதல் இரண்டு இடப்பக்கம்: கணம் ‘இன்ஸ்-தான்-தெ’. நான்கு மெய்யென்றால் பாதிப் பாதி: கட்டுவது ‘கொன்ஸ்-த்ர்வீர்’.

‘எஸ்’ எழுத்து அடுத்த மெய்யோடு கூட்டுச் சேராது, எப்போதும் இடப்பக்கம் நிற்கும்: ஸ்பானிஷ் ‘எஸ்-ப-ஞோல்’, பள்ளி ‘எஸ்-க்வே-ல’. அதனால்தான் ஸ்பானிஷ் சொல் ‘ஸ்க’, ‘ஸ்த’ என்று தொடங்குவதில்லை, முன்னால் ஒரு எ வந்து உட்காரும். ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்று சொல்லும் நம் ஊர்ப் பெரியவர்கள் செய்வதும் இதைத்தான்.

தமிழ் வாய்க்கென்றே ஒரு பொறியும் இருக்கிறது. சொல்லின் முதலில் மெய் வராது என்பது நம் இலக்கணம். அதனால் ‘ப்ர’வைப் பிர என்கிறோம், ‘த்ர’வைத் திர என்கிறோம். வேலை என்ற சொல் ‘த்ர-பா-ஹொ’, மூன்று அசை. நாம் ‘திரபாஹொ’ என்றால் நான்காகிவிடும். அசை கூடினால் கணக்கு போச்சு. அதே போல ஒலி மென்மையாகிவிடக் கூடாதே என்று மெய்யை இரட்டிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். அப்பாவை ‘பப்பா’ என்று எழுதினால் ‘பப்-பா’ என்று பிரிக்கத் தோன்றும். ஸ்பானிஷில் அங்கே ஒரு ப-தான், எனவே ‘ப-பா´’.

சண்டைக்குரிய ஒரே கூட்டு ‘த்ல’. விளையாட்டு வீரர் என்ற சொல்லை ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘அத்-லே-த’ என்பார்கள், மெக்சிகோவில் ‘அ-த்லே-த’ என்பார்கள். மெக்சிகோவின் நாவாத்ல் மொழியிலிருந்து ‘த்ல’ என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களே வந்திருக்கின்றன, அவர்கள் வாய்க்கு அது பழகிவிட்டது. இரண்டுமே சரி.

படி 4: கடைசியிலிருந்து எண்ணுங்கள்

தில்தெ இருக்கிறதா? இருந்தால் அந்த அசையை அழுத்துங்கள், வேலை முடிந்தது.

இல்லையென்றால் கடைசி எழுத்தைப் பாருங்கள். உயிர், அல்லது ‘என்’, அல்லது ‘எஸ்’ என்றால் கடைசிக்கு முந்தைய அசை. வேறு எந்த மெய் என்றாலும் கடைசி அசை.

இவ்வளவுதான் விதி. பார்ஸலோனா உயிரில் முடிகிறது: ‘பர்-ஸெ-லோ-ன’. கராகஸ் ‘எஸ்’ஸில்: ‘க-ரா-கஸ்’. மத்ரித் ‘டி’யில்: ‘ம-த்ரீத்’. எக்வடோர் ‘ஆர்’ரில்: ‘எ-க்வ-தோர்’.

‘என்’னுக்கும் ‘எஸ்’ஸுக்கும் மட்டும் ஏன் இந்தச் சலுகை? சொல்லின் இறுதியில் விகுதியாக ஓயாமல் ஒட்டுபவை அவை. வீடு ‘கா-ஸ’, வீடுகள் ‘கா-ஸஸ்’. அவர் பேசுகிறார் ‘ஆ-ப்ல’, நீ பேசுகிறாய் ‘ஆ-ப்லஸ்’, அவர்கள் பேசுகிறார்கள் ‘ஆ-ப்லன்’. விகுதி ஒட்டினாலும் அழுத்தம் நகரவில்லை, தில்தெயும் தேவைப்படவில்லை.

‘ஒய்’ இங்கே இரட்டை வேடம் போடும். அசை பிரிக்கும்போது உயிர், அழுத்த விதியில் மெய். குடை ‘ப-ரா-க்வஸ்’, முடிவு எஸ். பராகுவே ‘ப-ர-க்வாய்’, முடிவு ஒய்.

அழுத்தம் கடைசியில் விழுந்தால் அந்தச் சொல் ‘அகூத’, அதற்கு முந்தையதில் விழுந்தால் ‘யான’, கடைசியிலிருந்து மூன்றாவதில் விழுந்தால் ‘எஸ்த்ரூஹுல’. எஸ்த்ரூஹுல சொற்களுக்கு எப்போதும் தில்தெ உண்டு, விலக்கே இல்லை. மெக்சிகோ ‘மே´-ஹி-கொ’, மாலகா ‘மா´-ல-க’, கோர்தொபா ‘கோர்´-தொ-ப’. கோடு என்பதைக் கோலம் மாதிரி அலங்காரமாக நினைக்க வேண்டாம். பொது விதி இங்கே செல்லாது என்று எழுதியவர் கொடுக்கும் தகவல் அது.

மூன்று சொற்களை முழுசாக உடைப்போம்

வௌவால்: ‘முர்-ஸ்யே´-ல-கொ’. ஐந்து உயிர்களும் ஆளுக்கொரு முறை வரும் சொல் என்பதால் ஆசிரியர்களுக்கு மிகப் பிடித்தது. உயிர் ஐந்து இருக்கிறதே, அசையும் ஐந்தா? இல்லை. இ-யும் எ-யும் ஒட்டி நிற்கின்றன, தில்தெ வலிய எ-யின் மேல் இருக்கிறது, ஆகவே அவை ஒன்று. ஆக நான்கு. ஆரும் சி-யும் கூட்டல்ல, பிரியும். அழுத்தம் கடைசியிலிருந்து மூன்றாவது.

கோடு, வரி என்ற பொருளில் ‘லீ´-னெ-அ’. எ, அ இரண்டும் வலியவை, எனவே மூன்று அசை. அழுத்தம் முதலில், அதனால்தான் தில்தெ. குடும்பம் ‘ஃப-மீ-ல்ய’வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் முடிவில் இ-யும் அ-வும் ஒரே அசை, கடைசிக்கு முந்தையது ‘மீ’, பொது விதியே போதும், தில்தெ இல்லை.

கட்டுமானம்: ‘கொன்ஸ்-த்ருக்-ஸ்யோன்´’. ‘என்’னில் முடிவதால் விதிப்படி அழுத்தம் நடுவில் விழ வேண்டும். விழவில்லை, அதனால் தில்தெ. இப்படி ‘ஸ்யோன்’ என்று முடியும் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாம் இதே கதை.

பன்மையில் கோடு வரும், போகும்

ஒருமையில் எந்த அசையோ, பன்மையிலும் பெரும்பாலும் அதே அசை. ஆனால் அசை ஒன்று கூடுவதால் கணக்கு மாறும். பாட்டு ‘கன்-ஸ்யோன்´’, பாட்டுகள் ‘கன்-ஸ்யோ-னெஸ்’: கோடு போய்விட்டது. இளைஞர் ‘ஹோ-பென்’, இளைஞர்கள் ‘ஹோ´-பெ-னெஸ்’: கோடு வந்துவிட்டது. எழுத்துப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், படி 4-ஐ மறுபடி ஓட்டிப் பார்த்தால் இரண்டும் சரியாக வரும். அழுத்தமே இடம் மாறுகிற சொற்களும் சில உண்டு. குணம் ‘க-ராக்´-தெர்’, பன்மை ‘க-ரக்-தே-ரெஸ்’. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

ஏவல் வினையோடு ‘எனக்கு’, ‘அதை’ போன்றவை ஒட்டும்போதும் இப்படியே. ‘கோம்-ப்ர’ வாங்கு, ‘கோம்´-ப்ர-லொ’ அதை வாங்கு, ‘கோம்´-ப்ர-மெ-லொ’ எனக்கு அதை வாங்கித் தா. கடைசியிலிருந்து நான்காவது அசையில் அழுத்தம் விழுவது இப்படி ஒட்டிய சொற்களில்தான்.

சில்லறை விஷயங்கள்

ஓரசைச் சொல்லுக்குத் தில்தெ தேவையில்லை. ஆனால் ஒரே மாதிரி எழுதும் இரண்டைப் பிரித்துக் காட்டச் சிலவற்றுக்குப் போடுவார்கள்: ‘நீ’ என்ற ‘தூ´’வுக்குக் கோடு உண்டு, ‘உன்’ என்ற ‘து’வுக்குக் கிடையாது. என்ன, எப்படி, எங்கே என்ற வினாச்சொற்களுக்கும் கோடு உண்டு. இதற்கும் மேலே சொன்ன கணக்குக்கும் தொடர்பில்லை.

‘மெந்தெ’ ஒட்டி வரும் வினையடைகளுக்கு இரண்டு அழுத்தம். வேகமாக என்ற ‘ரா´-பி-த-மேன்-தெ’வில் மூலச் சொல்லின் கோடு அப்படியே இருக்கும்.

இணைகோட்டுக்கான ‘க்யோன்’ என்ற சொல்லை ஸ்பெயினில் பலர் ‘கி-ஓன்’ என்று இரண்டாகத்தான் சொல்கிறார்கள், முன்பு கோடு போட்டும் எழுதினார்கள். 1713-இல் தொடங்கிய ஸ்பெயினின் அரச மொழிக்கழகம், 2010-இல் வெளியிட்ட எழுத்திலக்கணத்தில், யார் எப்படிச் சொன்னாலும் எழுத்தில் இது ஓரசைதான், கோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. படி 2 பேச்சுக்கான விதி மட்டுமல்ல, எழுத்துக்கான ஒப்பந்தமும்கூட என்பது இதில் தெரியும். பழைய புத்தகத்தில் கோட்டோடு பார்த்தால் குழம்ப வேண்டாம்.

கைப்பேசியில் தில்தெ போட, உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் தேர்வுகள் மேலே வரும்.

பயிற்சி

ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு இந்த ஊர், நாட்டுப் பெயர்களை நீங்களே உடையுங்கள்: வெனிசுவேலா, கொலம்பியா, காதிஸ், மெதெயீன், பில்பாவோ, மொந்தெவிதேயோ.

விடைகள்: ‘பெ-னெ-ஸ்வே-ல’, நான்கு அசை, ஐந்தல்ல. ‘கொ-லோம்-ப்ய’, மூன்று. ‘கா´-திஸ்’: இஸட்டில் முடிவதால் விதிப்படி கடைசியில் விழ வேண்டியது முதலுக்குப் போனது, அதனால் கோடு. ‘மெ-தெ-யீன்´’: என்னில் முடிந்தும் கடைசியில் அழுத்தம், அதனால் கோடு. ‘பில்-பா-ஒ’: இரண்டு வலிய உயிர்கள், மூன்று அசை. ‘மொன்-தெ-பி-தே-ஒ’வில் ஐந்து அசை, காரணம் அதே. நான்கு என்று எண்ணியிருந்தால் ‘பி’யை அழுத்தியிருப்பீர்கள். படி 2-ஐ இன்னொரு முறை படியுங்கள்.